தொண்ணூற்றேழரை மீட்டர்

பாயான் லெப்பாஸ் அடுக்குமாடியின் மின்தூக்கியில்
இரண்டே காலுக்கு
நானும் ஒரு வாழைப்பழமும்.
கண்ணாடியில் இருந்தவள்
நெஞ்சில் 4418 என்று குத்தியிருந்தாள், கோணலாக.
கொடுத்த ஊக்குகள் நான்கில் ஒன்றைக் காணோம்.
நாலாவது, சேலை ஊக்கு,
நீலக்கல் வைத்தது.

கீழே புஷ்பலீலாவின் கார் உறுமிக்கொண்டிருந்தது.
பின்னிருக்கையில் குணாளன், வாய் பிளந்த தூக்கம்.
இரவு வேலை முடித்து நேரே வந்தவன்,
மூக்கின் மேல் இன்னும் முகக்கவசத்தின் கோடு.
சூ யின் வாஸ்லின் டப்பியைச் சுற்றுக்கு விட்டாள்,
கோயிலில் திருநீற்றுத் தட்டு வருவதுபோல.
"தேய்ச்சுக்கோ லா, வெட்கப்படாதே.
பதினாலாவது கிலோமீட்டர்ல என்னைக் கும்பிடுவே."

பதினொரு வருஷம் தூசில்லா அறையில்
ஒரே வரிசையில் நின்றவர்கள்.
வெள்ளை உடுப்புக்குள்
கண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறோம்.
இன்றுதான் தெரிகிறது
லீலாவுக்கு முழங்காலில் நீளத் தையல்,
குணாளனுக்குக் கணுக்காலில் பச்சை குத்திய ஒரு பெயர்.
யார் என்று யாரும் கேட்கவில்லை.

வசூல் தாள் என் இடுப்புப் பையில், நாலாய் மடித்து.
மேனேஜர்: கிலோமீட்டருக்குப் பத்து வெள்ளி.
கேன்டீன் ரொக்கியா அக்கா: ஐம்பது காசு.
பஸ் ஓட்டும் முனுசாமி: ஒரு வெள்ளி,
பக்கத்திலேயே பேனாவால், 'நடந்தால் கிடையாது.'
எல்லாவற்றையும் இருபத்தொன்றால் பெருக்கி
டயாலிசிஸ் மையத்துக்கு ஒரு நாற்காலி.
"நாற்காலியோட ஒரு கைக்கு வரும்"
என்றான் குணாளன், கண்ணைத் திறக்காமல்.

ஆனால் பாதி மாரத்தான் இருபத்தொன்றோடு முடிவதில்லை.
மேலே தொண்ணூற்றேழரை மீட்டர் தொங்குகிறது.
அதற்கு யாரும் எதுவும் எழுதவில்லை.

கடலோரத்தில் இறங்கினோம்.
கோடாலித் தைலமும் வற்றிய கடலின் சேறும் மணத்தன.
நடமாடும் கழிவறைக்கு முன் எழுபது பேர்,
அவ்வளவு ஒழுங்கான வரிசையை
நான் பினாங்கில் பார்த்ததே இல்லை.
முன்னால் நின்ற கிழவர் தொடையை நீவியபடி திரும்பி
"பசியாறியாச்சா?" என்றார்,
மணி மூன்றே முக்கால்.
தூரத்தில் பாலம்.
குணாளன் தினமும் தூங்கிக்கொண்டே கடக்கும் பாலம்.
நடுவில் அது மேடேறும் என்பதே
போன வாரம்தான் அவனுக்குத் தெரியும்.

இந்நேரம் இளம்பரிதி கிளம்பியிருப்பான்.
எங்கள் வரிசையில் மூன்றாவதாய் நின்றவன்.
ஐந்து மணிக்கு ஊசி ஏறும்.
நாலு மணி நேரம் அவன் ரத்தம்
வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும்.
"எனக்கு முன்னாடி முடிச்சிடுங்க,
படுத்துக்கிட்டு நான் ஜெயிச்சா உங்களுக்குத்தான் கேவலம்"
என்று குரல் அனுப்பியிருந்தான்.
பின்னணியில் மழையோ, குளியலறைக் குழாயோ.
இரண்டு தடவை கேட்டேன், பதில் போடவில்லை.

ஊதல் அலறியது.
ஒன்றும் நடக்கவில்லை.
ஆயிரம் பேருக்குப் பின்னால் நிற்பவர்களுக்குத்
தொடக்கம் என்பது
முன்னால் நிற்பவரின் முதுகு ஒரு சாண் நகர்வது.
பிறகு இன்னொரு சாண்.
நடை. நிற்றல். யாரோ என் குதிகாலை மிதித்தார்கள்.
மன்னிப்பு மலாயில் வந்தது, சீனத்தில் சிரிப்பு வந்தது.
கோட்டில் விரித்த பாய்
கோழிக்குஞ்சுகளாய்க் கீச்சிட்டது,
எங்கள் காலில் கட்டியதை எண்ணிக்கொண்டு.

"அந்தக் கடைசித் தொண்ணூறு யார் கணக்கு?"
மூச்சுக்கு நடுவே லீலா.
கடைசி இல்லை, முதல், என்றேன்.
அப்போதுதான் தோன்றியது, அதற்கு முன் யோசிக்கவில்லை.
கோட்டிலிருந்து மூன்றாவது விளக்குக் கம்பம் வரை
எந்தத் தாளிலும் ஏறாத ஓட்டம்.
நாற்காலிக்கு இல்லை, இளம்பரிதிக்குக்கூட இல்லை.
நீலக்கல் ஊக்கு நெஞ்சில் குத்தியது.
நாலு பேரும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்போல
வேகமாய், முட்டாள்தனமாய் ஓடினோம்.
சூ யின் ஏதோ கத்தினாள், எந்த மொழியும் இல்லை அது.

மூன்றாவது கம்பம் தாண்டியது.
வேகத்தைக் குறைத்தோம்.
ரொக்கியா அக்காவின் ஐம்பது காசு
அங்கிருந்து தொடங்கியது.