செல்லாத சீட்டு

எண்பத்துமூன்று சீட்டுகள்.
பிஸ்கட் தகர டப்பாவில் போட்டோம்.
ஓட்டுப் பெட்டி வாங்கும் தேவை
எங்கள் சபைக்கு இதுவரை வந்ததில்லை.
மூடியில் இன்னும் ஒரு கிறிஸ்துமஸ் மான்
ஓடிக்கொண்டிருந்தது.

மாநாட்டோடு இருப்பதா, பிரிந்துபோவதா?
கேள்வி ஒரே வரிதான்.
அதைச் சுற்றி இரண்டு மானிடோபாக் குளிர்காலம்
போய்விட்டது.
வெளியே வண்டி நிறுத்துமிடத்திலும்கூட
இருப்பவர்கள் வடக்கே, போகிறவர்கள் தெற்கே
என்று பழகியிருந்தது.
நடுவில் கிடந்த பனியை அள்ள ஆளில்லை.

கார்னீலியஸ் டேவ்ஸ் மூன்றுமுறை எழுந்தார்:
முதலில் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு,
பிறகு மூடி வைத்துக்கொண்டு,
பிறகு தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு.
"இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?"
எதிர்ப் பெஞ்சிலிருந்து ஹில்டி பென்னர்
மகனின் பெயரைச் சொல்லாமல்
மகனைப் பற்றியே பேசினாள்.
அவளுக்கும் சந்தேகம் இல்லை.

போதகர் வெர்னா ஜெபித்தாள்.
ஆண்டவரே, நாங்கள் தவறாக இருக்கலாம்.
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.
ஆமென் வர நேரமாயிற்று,
வந்தபோது துண்டு துண்டாய் வந்தது.

எண்ணுவதற்கு என்னையும் ஏப் டூயெக்கையும்
கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள்,
உலைக்கலன் உறுமும் அறைக்கு.
அவன் போகிறவன், நான் இருக்கிறவள்.
ஒருவரையொருவர் நம்பமாட்டோம் என்பதால்
எங்கள் கணக்கை எல்லோரும் நம்பினார்கள்.

ஆம். இல்லை. ஆம். ஆம். இல்லை.
பட்டாணி உரிப்பதுபோலப் போய்க்கொண்டிருந்தது.
என் சீட்டும் வந்தது. பெரிய எழுத்தில் ஆம்.
விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து
குளிர்ந்த அடுப்பருகே உட்கார்ந்திருந்த பெண்
அந்த எழுத்தில் எங்கும் இல்லை.
குவியலில் கவிழ்த்து வைத்தேன்.

நாற்பத்தேழாவது சீட்டில் ஏப்பின் கை நின்றது.

பென்சிலில், சாய்வாக:
எனக்குத் தெரியவில்லை
அதன் கீழே, இன்னும் சிறிதாக:
மன்னிக்கவும்

இருபத்தோரு வருடம்
விதை உருளைக்கிழங்கு வாங்கிய ரசீதுகளில்
எனக்குப் பழகிய கை அது.
வாக்கியம் முடிந்தால் புள்ளியை அழுத்திக்
காகிதத்தைத் துளைத்துவிடும் கை.
புள்ளி மட்டும் இங்கே இல்லை.

ஏப் கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தான்.
டேவ்ஸ் அவனுக்கு மாமனார்.
"செல்லாது" என்றான்.
"செல்லாது" என்றேன்.
விதிப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.
ஆனாலும் அந்த ஒரு தாளுக்கு
மேசையில் மூன்றாவதாக ஒரு இடம் விட்டோம்,
மற்ற இரண்டு குவியலையும் தள்ளி.

முடிவைச் சொல்ல இதை எழுதவில்லை.
தெரியவேண்டியவர்களுக்குத் தெரியும்.
சிலர் அழுதார்கள். சிலர் காப்பியைக்கூடத் தொடாமல்
கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.
வழக்கப்படி சீட்டுகளை நெருப்பில் போட்டேன்,
எண்பத்திரண்டை.

வெளியே வந்தால்
விளக்குக் கம்பத்தின் அடியில், நடுப் பகுதியில்,
தொப்பிகூட இல்லாமல் கார்னீலியஸ்
பனி அள்ளிக்கொண்டிருந்தார்.
வடக்கேயும் தள்ளவில்லை, தெற்கேயும் தள்ளவில்லை,
வாரி வாரி வேலிக்கு அப்பால் வீசினார்.

"கெட்ட சீட்டு ஏதாவது இருந்ததா?"
நிமிராமல் கேட்டார்.
"ஒன்று" என்றேன்.
மண்வாரி ஒரு நொடி அந்தரத்தில் நின்றது.
"யாரோ, பாவம்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்?
எனக்கும்தான் என்றா?
மூன்று மணியைப் பற்றியா?
வாய் திறந்தேன், ஆவிதான் வந்தது.

மண்வாரி ஒன்றுதான் இருந்தது.
அவர் அள்ளி முடித்த இடத்துக்குப் பக்கத்தில் போய்
பூட்ஸ் காலால் தள்ள ஆரம்பித்தேன்.
இடது கையுறைக்குள், உள்ளங்கையில்,
நாலாய் மடித்த அந்தத் தாள்
மெல்ல ஈரமாகிக்கொண்டிருந்தது