பச்சைப் புள்ளி

சீனக்குடாவில் கோதுமைக் கப்பல்.
இரவு ரெண்டு மணிக்குத்
தேத்தண்ணி குடிக்கையில் பார்த்தேன்:
யதுசிகாவின் பெயரோரம் பச்சைப் புள்ளி.

வேலைக்கு வெளிக்கிடமுன்
அவளின் போனைப் பறித்து
அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் வந்தேன்.
திறப்பு என் சட்டைப் பையில்.

அப்ப இது எந்தப் போன்?
ஆர் குடுத்தது?
ஏசி எழுதினேன். அழித்தேன்.
திரும்ப எழுதினேன்.
தலைக்குமேல் பாரந்தூக்கி
ஒருக்கா ஆடி நின்றது.

கடைசியில் போனது ஒரே சொல்:
"படு."

உடனே பதில்:
"உங்கட பச்சையும்
விடிய விடிய எரியுதுதானே அப்பா.
நான் ஒவ்வொருநாளும் பாக்கிறனான்."

குடாவுக்கு அங்கால்
ஓர்ஸ்ஹில் வெளிச்சங்கள்.
எது எங்கட வீடென்று பிடிபடவில்லை.

மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.
போனைப் பைக்குள் போட்டேன்.
திறப்பில் பட்டு
டிக்கென்றது.