ஆறு பத்து, ஆறு நாற்பது, ஏழு பத்து

நெரிஸ் பிரிச்சர்டின் முகத்தைப்
பத்தொன்பது வருஷம் துலக்கிக் காட்டியது என் கேமரா.
இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு.
கார்லைலில், திசை தவறி வந்த பந்து.
ரத்தத்தைக் கையுறையால் ஒற்றிக்கொண்டே
ஆட்ட முடிவைச் சொல்லி முடித்தாள்.
பார்த்தவர்கள் மழை என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது அவளுக்கு விளையாட்டுச் செய்தி.
உடை மாற்றும் அறையின் கதவோரம் நிற்பாள்.
உள்ளேயிருந்து யாராவது கேலி பேசினால்
அவன் தவறவிட்ட பெனால்டிகளைத்
தேதியோடு ஒப்பிப்பாள்.
தோற்றவர்களுக்கென்று ஒரே கேள்வி வைத்திருந்தாள்:
இப்போ மனசு எப்படி இருக்கு?

கோல்கீப்பர் கிரெய்க் பிரேத்வெய்ட்டிடமும் அதைத்தான் கேட்டாள்.
கடைசி நிமிஷம், மெதுவாக உருண்டு வந்த பந்து,
அணியே கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய நாள்.
"கால் ரெண்டும் கதவு மாதிரி திறந்துடுச்சு" என்றார்.
ஒரு வாரம் நாடு முழுக்க அந்த வாக்கியம்.
அவள் அந்தப் பதிவைத் திரும்பப் பார்த்ததில்லை.

பிறகு காலைச் செய்தி. உயர்வு என்றார்கள்.
உயர்ந்தது இதுதான்: அலாரம் இரண்டே முக்காலுக்கு.
ஊர் பல் துலக்கும்போது நாங்கள்
மூடப்போகும் பிஸ்கட் ஆலையின் கேட்டுக்கு வெளியே,
கழுத்துவரை கம்பளி, காதுக்குள் தயாரிப்பாளர்.
ஆறு பத்துக்கு ஒருமுறை, ஆறு நாற்பதுக்கு, ஏழு பத்துக்கு,
அதே செய்தி,
அப்போதுதான் காதில் விழுந்தாற்போல.
நடிப்பா என்று கேட்டேன்.
"ஏழு பத்துக்கு எழுந்தவன் என்ன பாவம் பண்ணான்,
ஆறிப்போன செய்தியைக் கேட்க?"

போன டிசம்பரில் பாலத்தின் மேல் ஏறிவிட்டது ஆறு.
மணல்மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார் ஒருவர்,
மஞ்சள் சட்டை, வழுக்கை, சேறு.
எனக்கு அடையாளம் தெரியவில்லை.
அவளுக்குத் தெரிந்தது, மைக் சற்றுத் தாழ்ந்தது.
அந்தத் தெருவில் மூன்றாவது வீடு அவருடையது.
ஸ்விட்ச் வரைக்கும் தண்ணீர்.

காதில் குரல்: நாற்பது விநாடி, மனசைக் கேள்.
அவள் கேட்டது,
"எத்தனை மூட்டை, கிரெய்க்?"
அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். வெகுநேரம் போலிருந்தது.
"இருநூத்திப் பன்னிரண்டு.
ஒண்ணையும் கால் நடுவே விடல."

சிரித்தார்களா? லென்ஸில் தூறல், சரியாகத் தெரியவில்லை.
தயாரிப்பாளர் கத்தினான், பிறகு அடங்கினான்.
இன்னொரு முறை அதே மாதிரி வேண்டும் என்றான்.
கிரெய்க் அடுத்த தெருவுக்குப் போய்விட்டிருந்தார்.

ஏழு பத்துக்கு அவள் மூட்டைச் சுவரின் பக்கத்தில் நின்றாள்.
எண்ணைச் சொன்னாள்:
இருநூற்றி இருபது.
நடுவில் யாரோ எட்டு வைத்திருக்கிறார்கள்.
அவள் எண்ணியிருக்கிறாள்,
இருட்டில், ஒவ்வொன்றாகத் தொட்டு.

வேனில் அவளுடைய காபிதான் ஆறிக்கிடந்தது.