நடுவர் கை

விதின் நகரச் சந்தையில்
பத்துக் கிலோ உருளைக்கிழங்கை
நெவேனா குனிந்து எடுக்கையில்
வரிசையே பேச்சை நிறுத்துகிறது.
கறிக்கடைக்காரன் கத்தியைக் கீழே வைக்கிறான்.

பதினாறு வருடமாகிவிட்டது.
இடது தோளில் இரண்டு திருகாணி,
மழையை முந்தின நாளே சொல்லிவிடும்.

போன மாதம் வங்கிக் கிளைத் திறப்பு விழா.
ரிப்பன் வெட்டியதும்
மேலாளர் ஸ்லாவ்சோ கூச்சத்தோடு கேட்டார்:
படத்துக்காக என்னை ஒருதரம் தூக்குவீர்களா?
தூக்கினாள்.
எண்பத்து மூன்று கிலோ இருப்பார்,
பையில் கிடந்த சில்லறை தனி.
படத்தில் அவர் சிரிக்கிறார்.
அவள் முகம் அவர் கோட்டுக்குப் பின்னால்.

பேருந்து நிறுத்தத்தில்
அந்தப் பழைய தயிர் விளம்பரம் இன்னும் இருக்கிறது.
யாரோ மீசை வரைந்திருக்கிறார்கள்.
அப்படியே அவள் அப்பா.

மேடையில் ஒரு விதி உண்டு.
தலைக்கு மேல் நிறுத்தியபின்
நடுவர் கை இறங்கும்வரை அசையக்கூடாது.
முந்திப் போட்டால் செல்லாது.

லிஃப்ட் இன்றைக்கும் ஓடவில்லை.
மூன்றாம் மாடியில் மூட்டையை வைத்துவிட்டுப்
படியில் உட்கார்கிறாள்.
வாய்விட்டு மூச்சு வாங்குகிறாள்.

மேலே ஒரு கதவு கிறீச்சிடுகிறது.

சட்டென எழுந்து
முதுகை நிமிர்த்தி
மூட்டையை எடுத்துக்கொள்கிறாள்.

பூனைதான்.

அது தாண்டிப் போகும்வரை
இறக்கவில்லை.