மனை எண் பதினேழு

காட்பாடி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய், லேமினேஷன் முப்பது.
மெஷின் கண்ணாடியில் ஒரு கீறல்,
போன வருஷம் யாரோ பின்னோடு வைத்த தாளால்.
அன்றிலிருந்து எடுக்கிற நகல் எல்லாவற்றிலும்
இடது ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு.
யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

குணாளன் என் பெரிய வாடிக்கை.
நாளைக்கு இருநூறு பக்கம், மீதிச் சில்லறைக்கு நிற்காத ஆள்.
அவர் போட்ட மனைப்பிரிவு
பாலாறு வியூ கார்டன்.
ஆடியில்கூடத் தண்ணீர் வராத ஆற்றுக்கு
வியூ என்ன வியூ என்பேன்,
அவரும் சிரிப்பார்.
ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், ஆம்பூர் பிரியாணி,
அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தால் அரைக் கிராம் தங்கம்.
வெள்ளையடித்த கல்லுக்கு மேல் கலர் கொடி.

தையில் வந்தவர் கம்மவான்பேட்டை ஹவில்தார் முனிரத்தினம்.
பென்ஷன் பணம். மனை எண் பதினேழு.
'கிழக்கே இருபதடி ரோடு, மேற்கே பதினெட்டாம் மனை,
வடக்கே ஏரிக் கால்வாய்...'
ஒவ்வொரு நகலையும் வாங்கி
பரேடு மாதிரி ஓரம் சரிபார்த்தார்.

மாசியில் வந்தவள் புருஷன் கத்தாரில்.
வீடியோ காலில் அவனுக்குப் பக்கம் பக்கமாகக் காட்டினாள்.
மனை எண் பதினேழு.
அதே ரோடு, அதே கால்வாய்.
எனக்குத் தெரிந்தது.
தாளைத் தட்டி அடுக்கி, பின் அடித்து,
காசை வாங்கிப் போட்டேன்.
கடை வாடகைக்கு ஐந்தாம் தேதி கெடு.

பங்குனியில் மெகருன்னிசா. மேல்விஷாரம்.
ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம்,
நகக்கண்ணில் கறுப்புச் சாயம்.
எடுத்த சீட்டும், விற்ற வளையலும், தங்கை தந்ததும்
டி.டி.யாக மாறி ஒரு டிபன் பையில் இருந்தன.

குணாளன் கொடுத்தனுப்பிய மூலப்பத்திரம்
லேமினேட் செய்த அசல்.
"தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னார்க்கா."
கண்ணாடியில் கவிழ்க்கும் முன் பார்த்தேன்.
இடது ஓரத்தில் ஒரு தலைமுடி.
ஊதினேன். போகவில்லை.
நகத்தால் சுரண்டினேன்.
பிளாஸ்டிக்குக்கு உள்ளே இருந்தது.

என் மெஷினின் கோடு
எண்பத்தாறாம் வருஷத்து அசலில் எப்படி விழும்?

கட்டிலிருந்த வில்லங்கச் சான்றைப் புரட்டினேன்.
முப்பது வருஷம் சுத்தமாக ஓடிவந்து
மார்கழியோடு நின்றிருந்தது.
தையும் மாசியும் அதில் பிறக்கவே இல்லை.

சர்வே எண்ணை நானே கம்ப்யூட்டரில் அடித்தேன்,
இன்றைய தேதி வரைக்கும்.
பிரிண்டர் முனகி முனகி ஒரு தாள் தந்தது.
முனிரத்தினத்தின் பெயர்,
அதற்குக் கீழே கத்தார்க்காரன் மனைவி பெயர்,
அதற்கும் கீழே கொஞ்சம் வெள்ளை இடம்.

வாயால் சொல்லத் தைரியமில்லை.
அவர் படிக்கட்டில் நின்று யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார்.
தாளைக் கட்டின் அடியில் செருகினேன்.

அவள் எண்ணினாள். தோல் எண்ணிப் பழகிய கை.
"இருபத்தொண்ணுதானே கொடுத்தேன், ஒண்ணு கூட இருக்கே?"
"கடைசித் தாளை முதல்ல படிங்க."

நின்றபடியே படித்தாள். உதடு அசைந்தது.
பெயர்கள் வந்த இடத்தில் அசைவது நின்றது.
ஒருமுறை குணாளனைப் பார்த்தாள், ஒருமுறை என்னை.
டிபன் பையின் ஜிப்பை முழுசாக இழுத்து மூடினாள்.
உள்ளே டோக்கன் நாற்பத்து மூன்றை
இரண்டு தரம் கூப்பிட்டார்கள்.
விஷாரம் பஸ் கிளம்பியிருந்தது.
மேஜையில் நாற்பத்து நான்கு ரூபாய்.
இருபத்திரண்டு பக்கத்துக்கும்.

குணாளன் இப்போது எதிர்க்கடைக்குப் போகிறார்.
இந்த மாசம் வாடகை பாக்கி.

நேற்று ஹவில்தார் வந்தார்.
நில அபகரிப்புப் பிரிவுக்கு மனு, ஆறு நகல்.
இப்போதும் ஓரம் சரிபார்த்தார்.
நூறு ரூபாய் நோட்டை நீட்டினார்.
சில்லறை இல்லை, இருக்கட்டும் என்றேன்.
கல்லா நிறையச் சில்லறை இருந்தது.

சாயங்காலம் மெக்கானிக்.
"கண்ணாடி மாத்திடலாம்க்கா, ஆயிரத்தெண்ணூறு.
கோடு விழுது பாருங்க."

விழட்டும் என்றேன்.