குறிப்பு: நூற்றறுபது எழுத்துக்குள்

முக்கூடலுக்கு மேற்கே, வடகரையில்
ஏழாவது வீடு ஒவ்வொன்றும் என் வீடு.
குலுக்கலில் அப்படி விழுந்திருந்தது.
ஆறாவது வீட்டுக்காரி வாசலில் நின்று
"எங்களுக்கு ஒண்ணும் கெடையாதா?" என்றாள்.
கிடையாது.
இருப்பதே கேள்விதான், அதுவும் உங்களுக்கு இல்லை.

முப்பிடாதி பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கவில்லை.
இலை, தூள், உருட்டு, நூல்.
நான் ஒன்றைக் கேட்டு முடிப்பதற்குள் ரெண்டு பீடி.
அறுபத்துநாலு கேள்வி என்றதும்
"அஞ்சு கட்டு ஆயிரும்" என்று
அவளே கணக்குச் சொன்னாள்.

எத்தனை பேர். கூரை எது. கழிப்பறை உண்டா.
கட்டிலில் இருந்தபடி வெள்ளத்துரை
எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டார்.
முப்பத்தொன்று: குடும்பத்துக்குக் கடன் உண்டா?
"நம்ம வீட்டுல அந்தப் பழக்கமே கெடையாது" என்றார்,
குடிப்பதில்லை என்று சொல்வதுபோல.
முப்பிடாதி நூலைப் பல்லால் கடித்தாள்.
'இல்லை'யைத் தொட்டேன்.
'அடுத்து' தொட்டேன்.
இந்தச் செயலியில் முன்னால் போகலாம்,
திரும்பி வர முடியாது.

நாற்பதாம் கேள்வியில் மாட்டைத் தேடி எழுந்து போனார்.
தட்டி சாத்தும் சத்தம் கேட்டதும்
"நாலு இருக்குக்கா" என்றாள்.
என்ன நாலு?
"செவ்வாக்கெழம ஒண்ணு. புதன் ரெண்டு.
வெள்ளிக்கெழமக்காரன் வண்டியில வருவான்,
அவனுக்குப் பாலத்துக்கிட்ட வச்சுக் குடுத்துருவேன்.
மொதல்ல வாங்குனது அவுக ஆபரேசனுக்கு.
மத்த மூணும் அத அடைக்க.
காப்பீட்டு அட்டையிலேயே முடிஞ்சுதுன்னு
அவுக நெனச்சுக்கிட்டு இருக்காவ."
கை நிற்கவில்லை.

கடைசியில் ஒரு கட்டம் உண்டு, குறிப்பு என்று.
நூற்றறுபது எழுத்து.
கொம்பையும் காலையும் புள்ளியையும்
தனித்தனி எழுத்தாக எண்ணியது இயந்திரம்.
வெள்ளிக்கிழமையின் நடுவில் இடம் தீர்ந்துவிட்டது.

சாயங்காலம் பீடிக்கடை வரைக்கும் கூடப் போனேன்.
செக்கர் ஒரு கட்டைப் பிரித்து
மூன்றை முறித்துப் போட்டான். கழிவு.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பாளையங்கோட்டையில் முடிவு வெளியிட்டார்கள்.
ஏசி ஹால், ஆளுக்கொரு சமோசா.
தரவைச் சுத்தம் செய்துவிட்டோம் என்றார்
சென்னையிலிருந்து வந்தவர்.
ஒரு வீட்டில் பதினோரு கடன் என்று வந்திருந்ததாம்,
பிழையாகத்தான் இருக்கும், எடுத்துவிட்டோம்.
அந்த வீட்டுக்குப் போனதும் நான்தான்.
பத்து விரலும் மடங்கித் தீர்ந்தபின்
கால்விரல் ஒன்றைத் தொட்டுக் காட்டியவள்
ஞாபகத்தில் இருந்தாள்.
எழுந்து சொல்லியிருக்கலாம்.
சமோசா வாயில் இருந்தது.

கடனற்ற குடும்பங்கள் நூற்றுக்கு முப்பத்தெட்டு.
வட்டத்தில் ஒரு நீலத் துண்டு.
குறிப்புகள் அச்சாகவில்லை.

மீந்த பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
மனசு கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.
முப்பிடாதி தட்டை இறக்கினாள், முதல் தடவையாக.
தூள் ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துவிட்டு
வழவழத்த தாளை வாங்கினாள்.
"இதுல நான் எங்க இருக்கேன்?"
நீலத்தைக் காட்டினேன்.
"கடன் இல்லாதவுக இவுகளா?"
ஆமாம்.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தபோது
"சீல் போட்டிருக்காக்கா?" என்றாள்.
போட்டிருந்தது. கம்பெனியின் சீல், ஊதா மையில்.
"அப்பம் இது இங்கனயே கெடக்கட்டும்."

காலண்டர் ஆணியில்
கட்டிலில் படுத்தால் கண்ணில் படுகிற உயரத்தில்
நீலம் தெரிகிற பக்கமாக மடித்து மாட்டினாள்.
தள்ளி நின்று ஒருதரம் பார்த்தாள்.
பிறகு என்னிடம் மணி கேட்டாள்.
அன்றைக்குப் புதன்கிழமை.