நான்கு எம்பி புன்னகை

இலவசத் தீம், பதினேழு இலவச பிளகின்.
மேசைக்கடியில் சேர்வர்;
அதற்கும் எனக்கும் ஒரே மின்விசிறி.

றீட் அவென்யூவில் மழை.
எட்டு மணிக்குப் பெறுபேறுகளைப் போட்டேன்.
எட்டு ஒன்றுக்குத் தளம் விழுந்தது.
பொரளையில், தெஹிவளை பஸ்ஸில் நின்றபடி
எத்தனை பெருவிரல்கள்
ஒரே பக்கத்தை
இழுத்து இழுத்து விட்டிருக்கும்.

போனில் நிலூஷ சொன்னான்: படங்களைக் கழற்று.
முகப்பில் ஓடிக்கொண்டிருந்த பட்டமளிப்பு,
குத்துவிளக்கு,
பீடாதிபதியின் புன்னகை (அது மட்டும் நான்கு எம்பி)
எல்லாம் கழற்றினேன்.
மூச்சு விட்டது தளம்.
வெறும் சுட்டெண், வெறும் தரம்,
மூன்று மொழியிலும்.

காலையில் கடிதம்:
புன்னகை எங்கே?

தமிழ்ப் பக்கத்தில் ஒரு வருசமாய்
கலைப்பீடம்
கலைப்பீடை என்று கிடந்தது.
அதையும் அன்றிரவே திருத்தினேன்.
அதைப் பற்றி ஒரு கடிதமும் இல்லை,
முன்னும் சரி, பின்னும் சரி.